அண்டாவும் மனுவும்: டர்பன் மாணவி ஒருவருக்கு விரிவான பதில்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு மாணவி கேட்டிருக்கிறார்: "நாங்கள் பதினொரு பேர் ஒரு தன்னார்வக் குழுவாகச் சேர்ந்திருக்கிறோம். உலக வறுமையை ஒழிக்க அரசுகள் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குக் கடிதம் எழுதுகிறோம், கையெழுத்து வாங்குகிறோம். டர்பனிலேயே சாட்ஸ்வர்த் பகுதியில் இருக்கும் என் தாத்தா, கோயிலில் அன்னதானத்துக்கு அரிசி மூட்டை தூக்கினாலாவது நாலு பேர் வயிறு நிறையும், மந்திரிக்கு எழுதி என்ன ஆகப்போகிறது என்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அவர் சொல்வது சரிதானா?"

தாத்தாவிடம் வாதாடப் போகாதீர்கள். அண்டாவின் பக்கத்தில் நின்று கரண்டி பிடித்தவர்களுக்கு வறுமையைப் பற்றி நேரடியான அறிவு உண்டு. வரிசையில் யார் புதிதாக வந்திருக்கிறார்கள், யார் பாத்திரத்தை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு வருகிறார்கள் என்பது அவர்கள் கண்ணில் படாமல் போகாது. ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் வார்க்கும்போதும், தைப்பூசக் காவடியன்றும், சாமி கும்பிட வந்தவர் யார், பசித்து வந்தவர் யார் என்று பார்த்த உடனே சொல்லிவிடுவார்கள். அந்த அறிவு உங்கள் குழுவுக்குத் தேவைப்படும். அதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் அவருடைய கேள்வி: மந்திரிக்கு எழுதி என்ன ஆகும்?

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகச் சனிக்கிழமை காலைகளில் சாட்ஸ்வர்த்தில் ஒரு சமூகக் கூடத்தில் உட்கார்ந்து உதவித்தொகை விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுத்து வருகிறேன். 2000ஆம் ஆண்டு ஜூலையில் ஓர் ஆயா வந்தார். (நம் பக்கத்தில் பாட்டியை ஆயா என்றுதானே சொல்கிறோம்.) ரொட்டி வாங்கிய பிளாஸ்டிக் பைக்குள் காகிதங்களை மடித்து வைத்திருந்தார். பேரனின் பிறப்புச் சான்றிதழ், கிளினிக் அட்டை, மகளின் இறப்புச் சான்றிதழ். ஒவ்வொன்றாக மேசைமேல் விரித்து, உள்ளங்கையால் சுருக்கத்தை நீவிவிட்டு, தாழ்ந்த குரலில் கேட்டார்: "இதில் ஒரு வருஷம் குறைத்துப் போட முடியுமா அம்மா?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு தேதியைப் பார்த்தேன். பையனுக்கு அடுத்த மாதம் ஏழு வயது நிறைகிறது. அன்றைய சட்டப்படி குழந்தை உதவித்தொகை ஏழு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மட்டும்தான். மாதம் 100 ராண்ட். பிறந்தநாள் வந்தால் அது நின்றுவிடும். பேரனின் பிறந்தநாளை நினைத்துப் பயப்படும் ஒரு கிழவியை நான் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். சான்றிதழைத் திருத்த முடியாது என்று சொல்லி அனுப்பினேன். கோயிலிலிருந்து ஒரு பார்சல் வாங்கிக் கொடுத்தோம்: அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரை, இரண்டு பாக்கெட் பீன்ஸ். இரண்டாவது வாரத்தில் தீர்ந்துபோயிற்று. அடுத்த மாதமும் கொடுத்தோம். அதற்கடுத்த மாதம் எங்களிடமே இல்லை.

அந்த வயது வரம்பு யாராலோ, ஓர் அறையில், ஒரு மேசையில் எழுதப்பட்டது. 1996இல் டர்பனில் நேட்டால் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிரான்சி லண்ட் தலைமையிலான குழு இந்த உதவித்தொகையைப் பரிந்துரைத்தது. அரசு முதலில் 75 ராண்ட் என்றது. எதிர்ப்புக் கிளம்பியதும் 100 ஆக்கி 1998இல் கொடுக்கத் தொடங்கியது. அதன் பிறகும் பிளாக் சாஷ் போன்ற மனித உரிமை அமைப்புகளும் தேவாலயங்களும் தொழிற்சங்கங்களும் குழந்தைகள் உரிமைக்காக நின்ற கூட்டமைப்புகளும் விடவில்லை. ஏழு வயதுக் குழந்தைக்கு மட்டும் பசி எப்படி நின்றுவிடும் என்று நாடாளுமன்றக் குழுக்களின் முன் திரும்பத் திரும்பப் போய்க் கேட்டார்கள். 2003இல் வரம்பு ஒன்பதாயிற்று, 2004இல் பதினொன்று, 2005இல் பதினான்கு. 2010க்குப் பிறகு படிப்படியாகப் பதினெட்டு. அந்த ஆயாவின் பேரன் ஏழு வயதில் வெளியே தள்ளப்பட்டு, பத்து வயதில் மறுபடியும் உள்ளே வந்தான். இடையில் மூன்றரை ஆண்டுகளுக்கு மேல் ஆயா எப்படிச் சமாளித்தார் என்பதை நான் இங்கே எழுதப் போவதில்லை.

இன்று இந்த நாட்டில் சுமார் 1 கோடியே 30 லட்சம் குழந்தைகளுக்கு இந்தத் தொகை போகிறது. மாதத்துக்கு ஒரே ஒரு ராண்ட் கூட்டினால்கூட, மாதந்தோறும் 1 கோடியே 30 லட்சம் ராண்ட் ஏழை வீடுகளின் அடுப்படிக்குப் போகும். டர்பன், பீனிக்ஸ், பீட்டர்மாரிட்ஸ்பர்க் கோயில்களின் அண்டாக்களை எல்லாம் ஒன்றாக வைத்தாலும் இதற்கு ஈடாகாது. அண்டா யானைப் பசிக்குச் சோளப்பொரிதான். அது குற்றமில்லை, சோளப்பொரியும் வேண்டியதுதான். ஆனால் யானைக்குத் தீனி போடக்கூடிய கை ஒன்று இருக்கும்போது அந்தக் கையைப் பிடித்து இழுக்காமல் இருப்பது குற்றம். 2024இல் இந்தத் தொகை 530 ராண்ட். ஒருவர் ஒரு மாதம் உயிர் வாழப் போதுமான உணவுக்கு மட்டும் 796 ராண்ட் வேண்டும் என்று அதே ஆண்டில் அரசின் புள்ளிவிவரத் துறையே கணக்கிட்டது. இந்த இடைவெளியைக் குறைக்கக் கேட்பவர்கள் யார்? நீங்கள் கேட்கலாம்.

"அது உள்நாட்டு வறுமை, நாங்கள் உலக வறுமையைப் பற்றிப் பேசுகிறோம்" என்று உங்களில் யாராவது சொல்லக்கூடும். இந்தப் பிரிவினையை நான் ஏற்பதில்லை. தென்னாப்பிரிக்கா உலகத்துக்குள்தான் இருக்கிறது. உலக வங்கி 2025 ஜூனில் கடும் வறுமைக்கான கோட்டை நாளுக்கு 3 டாலர் என்று மாற்றியது. அந்தக் கணக்கில் 1990இல் 230 கோடிப் பேர் கோட்டுக்குக் கீழே இருந்தார்கள், இப்போது சுமார் 80 கோடி. இவர்களில் பெரும்பகுதியினர் நம் கண்டத்தில், சகாராவுக்குத் தெற்கே வாழ்கிறார்கள். அவர்களுக்காக டர்பன் மாணவர்கள் பேசுவது தூரத்து ஊருக்குக் கருணை காட்டுவதாகாது. அக்கம்பக்கத்து வீட்டு விவகாரம் அது.

தூரத்திலிருந்து கேட்டவர்களால் நமக்கு என்ன நடந்தது என்பதையும் தாத்தாவுக்கு நினைவூட்டுங்கள். அவர் இளைஞராக இருந்த காலத்தில் டர்பனை வரைபடத்தில் மட்டும் பார்த்த மாணவர்கள் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் தகரக் கொட்டகை போட்டு உட்கார்ந்தார்கள். நிறவெறி நாட்டில் முதலீடு செய்த பணத்தை எடுங்கள் என்றார்கள். பிரிட்டனில் மாணவர்கள் பார்க்லேஸ் வங்கியில் கணக்கு வைக்க மறுத்தார்கள். 1986 நவம்பரில் அந்த வங்கி தென்னாப்பிரிக்காவை விட்டு வெளியேறியது. அதே ஆண்டில் அதிபர் ரீகனின் தடை அதிகாரத்தையும் மீறி அமெரிக்க நாடாளுமன்றம் பொருளாதாரத் தடைச் சட்டத்தை நிறைவேற்றியது. அந்த மாணவர்கள் தங்கள் ஊர் அன்னதானத்தோடு நின்றிருந்தால்? விடுதலையை வாங்கியவர்கள் இந்த மண்ணின் மக்கள்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த மாணவர்கள் தங்கள் அரசுகளிடம் கேட்டதால் இங்கே ஒரு சுவரில் விரிசல் விழுந்தது.

இன்னும் பின்னால் போனால் நம் கொள்ளுப்பாட்டன்கள் வருகிறார்கள். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து வந்த டுரூரோ கப்பல் இங்கே கரை சேர்ந்ததிலிருந்து 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒப்பந்தக் கூலிகளாக வந்தார்கள். ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாமலும் மறுபடி ஒப்பந்தம் போடாமலும் இருப்பவர்கள் ஆண்டுக்கு மூன்று பவுன் வரி கட்ட வேண்டும் என்று 1895இல் சட்டம் வந்தது. கரும்புத் தோட்டக் கூலி மாதம் 10 ஷில்லிங்கில் தொடங்கிய காலம். மூன்று பவுன் என்றால் 60 ஷில்லிங், ஆறு மாதக் கூலி. ஏழையாக இருப்பதற்கே வரி! அதை எந்தத் தர்மசாலையும் நீக்கவில்லை. மனுக்கள் போயின, 1912இல் இந்தியத் தலைவர் கோகலே வந்து பேசினார், ஒன்றும் நகரவில்லை. 1913இல் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து புறப்பட்ட தமிழ்ப் பெண்கள் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் போய்த் தொழிலாளர்களிடம் பேச, வேலைநிறுத்தம் மூண்டு கரும்புத் தோட்டங்கள்வரை பரவியது. சிறைக்குப் போய்க் காய்ச்சலோடு திரும்பிய தில்லையாடி வள்ளியம்மை 1914 பிப்ரவரியில் இறந்தார். அந்த ஆண்டிலேயே வரி ரத்தானது.

இந்தக் கதையை வீரக் கதையாக மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். 1894இல் இந்தியர்களின் வாக்குரிமையைப் பறிக்கும் மசோதாவுக்கு எதிராகச் சுமார் 10,000 கையெழுத்துகளை இரண்டே வாரத்தில் திரட்டி லண்டனுக்கு அனுப்பினார்கள். அந்த மசோதாவுக்கு லண்டன் ஒப்புதல் தரவில்லை. வென்றுவிட்டோம் என்று நினைத்திருப்பார்கள். 1896இல் 'ஆசியர்' என்ற சொல்லை எடுத்துவிட்டு அதே சட்டத்தை வேறு வார்த்தைகளில் கொண்டுவந்தார்கள், அது நிறைவேறியது. கையெழுத்து வாங்கிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகிற குழுக்களுக்கு இதைவிடப் பெரிய எச்சரிக்கை எனக்குத் தெரியவில்லை.

இப்போது தாத்தா சொல்வதில் சரியான பக்கத்துக்கு வருகிறேன். மாணவர் குழுக்கள் அனுப்பும் கடிதங்கள் பலவற்றை நான் படித்திருக்கிறேன். "உலக வறுமையை ஒழிக்க உடனடி நடவடிக்கை எடுக்க வேண்டுகிறோம்" என்று இருக்கும். அதைப் படிக்கும் அதிகாரி அடுத்த நிமிடம் என்ன செய்ய வேண்டும்? எந்தக் கோப்பை எடுக்க வேண்டும்? ஒன்றும் இல்லை. நன்றி தெரிவித்து ஒரு பதில் வரும், அவ்வளவுதான். அப்படிப்பட்ட கடிதத்தைவிட ஒரு மூட்டை அரிசி மேல் என்று தாத்தா சொன்னால் நானும் அவர் பக்கம்தான்.

வென்ற கோரிக்கைகள் எல்லாம் குறுகலானவை. கேப் டவுனின் ஏழைக் குடியிருப்பான கேயலிட்ஷாவில் 2008இல் தொடங்கிய ஈக்வல் எஜுகேஷன் இயக்கத்தின் உறுப்பினர்களில் பெரும்பாலோர் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள். ஒரே ஒரு பள்ளியில் உடைந்து கிடந்த சுமார் 500 ஜன்னல் கண்ணாடிகளை மாற்றிக் கொடு என்பதுதான் அவர்களுடைய முதல் கோரிக்கை. எண்ணிப் பார்த்துச் சொன்னார்கள், கையெழுத்து வாங்கினார்கள், ஊர்வலம் போனார்கள், அரசு பணம் ஒதுக்கியது. அங்கிருந்து, பள்ளிக்கூடம் என்றால் என்னென்ன இருக்க வேண்டும் என்ற விதிமுறைகளை 2013 நவம்பரில் நாட்டுக்கே வாங்கிக் கொடுத்தார்கள். அந்த விதிமுறைகளில் அரசு வைத்திருந்த ஓட்டைகளை அடைக்க 2018இல் பிஷோ நீதிமன்றம்வரை போனார்கள். 2020இல் கொரோனாவால் பள்ளிகள் மூடியபோது, வகுப்பு நடந்தாலும் நடக்காவிட்டாலும் சத்துணவு கொடுக்க வேண்டும் என்று ஜூலையில் பிரிட்டோரியா நீதிமன்றத்தில் தீர்ப்பு வாங்கினார்கள். அது சுமார் 90 லட்சம் மாணவர்களின் தட்டு. கண்ணாடியிலிருந்து தட்டுவரை வந்த பாதை இது.

உலக அளவில் ஓர் உதாரணம் கேட்டால், கடன். 1990களில் ஏழை நாடுகள் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் செலவழிக்க வேண்டிய பணத்தை வட்டியாகக் கட்டிக்கொண்டிருந்தன. பிரிட்டனில் கீல் பல்கலைக்கழகத்தில் அரசியல் பாடம் நடத்திய மார்ட்டின் டென்ட் என்ற ஆசிரியர் இந்தக் கடன்களை 2000ஆம் ஆண்டுக்குள் ரத்து செய்ய வேண்டும் என்று பேசத் தொடங்கினார். 1998 மே மாதம் பர்மிங்காமில் ஜி8 என்ற எட்டுப் பெரிய நாடுகளின் தலைவர்கள் கூடியபோது சுமார் 70,000 பேர் கைகோத்து நகரைச் சுற்றி நின்றார்கள். எதை ரத்து செய்ய வேண்டும், எந்தத் தேதிக்குள், யார் செய்ய வேண்டும் என மூன்றும் கோரிக்கையில் இருந்தன. பின்வந்த ஆண்டுகளில் முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகளின் கடன் பெருமளவு குறைக்கப்பட்டது. தான்சானியா தொடக்கப் பள்ளிக் கட்டணத்தை எடுத்துவிட்டது, பிள்ளைகள் வகுப்பறை கொள்ளாமல் வந்தார்கள். 2005 பிப்ரவரியில் லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் மண்டேலா, அடிமைமுறையைப் போலவும் நிறவெறியைப் போலவும் வறுமையும் மனிதன் உண்டாக்கியது, மனிதனால் நீக்கக்கூடியது என்று பேசியது இந்த இயக்கத்தின் தொடர்ச்சியில்தான்.

பணக்கார நாடுகள் தேசிய வருமானத்தில் 0.7 சதவீதத்தை உதவியாகத் தர வேண்டும் என்று ஐ.நா. பொதுச்சபை 1970இல் தீர்மானித்தது. கொடுத்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர். பிரிட்டன் அதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டு 2021இல் 0.5க்கு இறங்கியது, 2027இல் 0.3 ஆக்கப்போவதாகச் சொல்லிவிட்டது. அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பான யு.எஸ்.எய்ட் 2025இல் கலைக்கப்பட்டது. நம் நாட்டிலேயே எச்.ஐ.வி. கிளினிக்குகள் சில மூடப்பட்டன, செவிலியர்கள் வேலை இழந்தார்கள். ஆனாலும் மருந்து நின்றுவிடவில்லை. ஏன் தெரியுமா? மருந்து வாங்கும் செலவைப் பெரும்பாலும் நம் அரசே ஏற்றிருந்தது. அதை ஏற்க வைத்தது 1998இல் சிலர் சேர்ந்து தொடங்கிய சிகிச்சைக்கான செயல் இயக்கம். 2002இல் அரசியல் சாசன நீதிமன்றம்வரை போய், எச்.ஐ.வி. குழந்தைக்குத் தொற்றாமல் தடுக்கும் நெவிரப்பின் மருந்தைக் கர்ப்பிணிகளுக்குக் கொடுத்தே ஆக வேண்டும் என்று தீர்ப்பு வாங்கியவர்கள் அவர்கள். வெளிநாட்டு உதவியைக் கேளுங்கள், அதோடு சொந்த அரசின் வரவுசெலவுத் திட்டத்தில் ஓர் ஒதுக்கீட்டையும் கேளுங்கள் என்று நான் எல்லாக் குழுக்களிடமும் வற்புறுத்துவது இதனால்தான். அந்த ஒதுக்கீடு அவ்வளவு சீக்கிரம் அழியாது.

வேலை செய்யும் முறையைப் பற்றி நான் பட்டுத் தெரிந்துகொண்ட சிலவற்றைச் சொல்கிறேன்.

வெளிநாட்டுக் கையேடுகளை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அமெரிக்காவில் 1980இல் தொடங்கிய ரிசல்ட்ஸ் என்ற தன்னார்வ அமைப்பு மிக நல்ல முறை ஒன்றை வைத்திருக்கிறது: சாதாரண மக்களுக்குப் பயிற்சி கொடுத்து, தங்கள் தொகுதி உறுப்பினரைத் திரும்பத் திரும்பச் சந்திக்க வைக்கிறது. அங்கே உறுப்பினருக்குத் தொகுதியின் வாக்கு வேண்டும், அதனால் பயம் உண்டு. நம் நாட்டில் உறுப்பினர்கள் கட்சிப் பட்டியலிலிருந்து வருகிறார்கள். தொகுதி அலுவலகத்தைக் கட்சி ஒதுக்கிக் கொடுக்கிறது. "நான் உங்கள் வாக்காளர்" என்ற மிரட்டல் இங்கே அவ்வளவாக எடுபடாது. நமக்குள்ள வாசல் நாடாளுமன்றக் குழுக்கள். சட்டமியற்றும் வேலையில் மக்களைப் பங்கெடுக்கச் செய்வது தேசியச் சபையின் கடமை என்கிறது அரசியல் சாசனத்தின் 59ஆம் பிரிவு. அமைதியாகக் கூடவும் மனுக் கொடுக்கவும் 17ஆம் பிரிவு உரிமை தருகிறது. மக்களை ஒழுங்காகக் கேட்காமல் நிறைவேற்றிய சட்டங்களை 2006இல் அரசியல் சாசன நீதிமன்றம் செல்லாது என்றே சொல்லிவிட்டது. சமூக வளர்ச்சிக் குழுவும் நிதிக் குழுவும் எழுத்து மூலமான கருத்துகளைக் கேட்கும்போது இரண்டு பக்கத்தில் எழுதி அனுப்புங்கள், நேரில் பேச வாய்ப்பும் கேளுங்கள். பதினொரு பேரின் இரண்டு பக்கம், இணையத்தில் திரட்டிய பதினோராயிரம் பெயர்களைவிட அந்த அறையில் கனமாக இருக்கும்.

காலத்தைப் பாருங்கள். மாணவர் குழுக்கள் தோற்கும் இடம் இதுதான். வரவுசெலவுத் திட்டம் பிப்ரவரியில் வருகிறது. நீங்கள் அப்போதுதான் விடுமுறை முடிந்து திரும்பி அறை தேடிக்கொண்டிருப்பீர்கள். இடைக்கால நிதி அறிக்கை அக்டோபர் கடைசியிலோ நவம்பரிலோ வருகிறது. அப்போது தேர்வு. அரசு முடிவெடுக்கும் இரண்டு நேரங்களிலும் மாணவர்கள் காணாமல் போகிறார்கள். எனவே ஆகஸ்ட், செப்டம்பரில் வேலையை முடித்துவிடுங்கள். நிதி அமைச்சகத்தில் எண்கள் இறுகிப்போகும் முன்பே உங்கள் காகிதம் அங்கே இருக்க வேண்டும். தேர்வுக் காலத்தில் பின்தொடர்ந்து கேட்க, படிப்பை முடித்த இரண்டு பேரையாவது குழுவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, ஏழைகளுக்குப் பதிலாக நீங்கள் பேசாதீர்கள். டர்பனில் கென்னடி ரோடு குடிசைகளில் 2005இல் பிறந்த அபஹ்லாலி பசேம்ஜொண்டோலோ இயக்கத்தினர் இதில் கண்டிப்பானவர்கள். குடிசைவாசிகளைத் துரத்த வழிசெய்த மாகாணச் சட்டத்தின் முக்கியப் பிரிவை 2009இல் அரசியல் சாசன நீதிமன்றத்தில் அவர்களே உடைத்தார்கள். மாணவர்களால் தட்டச்சு செய்து கொடுக்க முடியும், பயணச் சீட்டு ஏற்பாடு செய்ய முடியும், நாடாளுமன்றக் குழுவின் முன் அவர்கள் பக்கத்து நாற்காலியில் உட்கார முடியும். அந்த அளவே பெரிய உதவி. பசித்த குழந்தையின் முகத்தைப் படமெடுத்துச் சுவரொட்டியில் போடுவதை நான் எந்தக் காரணத்துக்காகவும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

எண்ணிக்கை வேண்டும் என்றால் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கைப் பாருங்கள். அங்கே பொருளாதார நீதிக்கும் கண்ணியத்துக்குமான குழு ஒன்று மாதந்தோறும் 44 உணவுப் பொருள்களின் விலையைக் குறிக்கிறது. ஏழைக் குடும்பத்துப் பெண்கள் தாங்கள் வழக்கமாக வாங்கும் கடைகளுக்கே போய் விலை எழுதி வருகிறார்கள். மாவு, அரிசி, எண்ணெய், பீன்ஸ். அந்தப் பட்டியலை இன்று நாட்டின் நாளிதழ்கள் எல்லாம் எடுத்துப் போடுகின்றன. நோட்டும் பென்சிலும் போதும், முனைவர் பட்டம் தேவையில்லை.

இங்கேதான் தாத்தா வருகிறார். அடுத்த சனிக்கிழமை அவரோடு கோயிலுக்குப் போங்கள். அரிசி மூட்டையை நீங்களே தூக்குங்கள். பரிமாறி முடிந்ததும் ஒரு நோட்டில் நாலு கட்டம் போடுங்கள்: எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் குழந்தையோடு வந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் உதவித்தொகை வாங்கியும் வந்தார்கள், அந்தப் பணம் இந்த மாதம் எத்தனையாம் தேதி தீர்ந்தது. பெயர் வேண்டாம், படம் வேண்டாம். கடைசிக் கேள்வியை நீங்கள் கேட்டால் யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். தாத்தா கேட்டால் சொல்வார்கள், அத்தனை வருஷம் அவர்கள் தட்டில் போட்டவர் அவர். மூன்று மாதம் இப்படி எழுதி வாருங்கள். ஆகஸ்டில் நாடாளுமன்றக் குழுவுக்கு எழுதும் காகிதத்தின் முதல் வரியாக அந்தத் தேதியை வையுங்கள். அடியில் உங்கள் பதினொரு கையெழுத்தோடு பன்னிரண்டாவதாக அவருடையதையும் வாங்கிக்கொள்ளுங்கள்.